சரிபாதித் தூரம்

23.11.2014: சீதன முன்பணம், 31,500 ரிங்கிட்
02.02.2015: வங்கிக் கடன், 283,500 ரிங்கிட், முப்பது ஆண்டு
01.04.2015: முதல் தவணை, 1,420 ரிங்கிட்
06.04.2015: ஒரு நாள் டோல், இருவருக்கும் போக வர, 30 ரிங்கிட் 40 சென்
01.02.2020: அதே டோல், குறைத்த பிறகு, 24 ரிங்கிட் 90 சென்
04.07.2022: அறை வாடகை, செனவாங், 350 ரிங்கிட்
09.01.2023: அறை வாடகை, பாகோ, 280 ரிங்கிட்
18.10.2025: வீடு கைமாறிய விலை, 398,000 ரிங்கிட்

ஜனகாவுக்குக் கல்யாணம் பேசியபோது சாதகம் பொருந்தியது, குடும்பம் பொருந்தியது, படிப்பும் பொருந்தியது. பொருந்தாமல் நின்றது ஒன்றே ஒன்றுதான். அவள் வேலை செய்தது ஜொகூர் மாநிலத்துப் பாகோ வட்டாரத்தில், ஒரு தமிழ்ப்பள்ளியில். மாப்பிள்ளை கீதன் வேலை செய்தது நெகிரி செம்பிலானில், செனவாங் தொழிற்பேட்டையில், மின்னணு உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக. நெடுஞ்சாலை வழியாகப் போனால் இரண்டுக்கும் இடையே நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். மலாக்கா மாநிலம் முழுவதும் அதற்குள் அடக்கம்.

ஜனகாவின் அப்பா கதிரேசு மலாக்காவின் கடலோரத்தில், கிளேபாங்கில் இருந்தார். நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் படம் வரைந்து 2009-இல் ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக் குமாஸ்தாவாக வந்தவர். வந்து நூறு வருடமாகியும் அந்த வீட்டில் விடாமல் இருந்த வழக்கம், பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பது. அவர் மனைவி கனகாம்பிகைக்கு அவளுடைய அப்பா கொடுத்த வீட்டில்தான் கதிரேசு நாற்பது ஆண்டாகக் குடியிருந்தார். தம் மகளுக்கும் ஒரு வீடு, அவள் பெயரில், என்பதில் அவருக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. எந்த ஊரில் என்பதுதான் கேள்வி.

கீதன் ரெம்பியாவில் பிறந்தவன். அவனுடைய அப்பா தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸராக இருந்து காலமாகிவிட்டார். அம்மாவும் இல்லை. கேட்டு முடிவு செய்ய அவன் பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லாததால் பேச்சுக்கு அவனே வந்து உட்கார்ந்தான். செனவாங்கில் ஒரு வீடு விலைக்கு வருகிறது, தொழிற்சாலையிலிருந்து பத்து நிமிடம், ஜனகா பிறகு அந்தப் பக்கம் மாற்றல் கேட்டு வந்துவிடலாம் என்று அவன் சொன்னான். கதிரேசு காது கொடுத்துக் கேட்டார். பிறகு உள்ளே போய் நெடுஞ்சாலைப் படத்தையும் ஒரு துண்டு நூலையும் எடுத்து வந்தார்.

நூலைப் பாகோவில் ஊன்றி, சாலையின் வளைவெல்லாம் பிடித்து, செனவாங் வரை இழுத்தார். பிறகு நூலை இரண்டாக மடித்தார். மடிப்பு மலாக்காவின் ஆயர் குரோவில் விழுந்தது.

படத்தை மட்டும் நம்புகிறவர் அல்ல அவர். 2014 தீபாவளிக்கு மறுநாள், அக்டோபர் 23-ஆம் தேதி, தம் புரோட்டான் காரை எடுத்துக்கொண்டு போய் ஆயர் குரோவில் விலைக்கு வந்த ஒரு வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரைக்கும், திரும்ப அதே வாசலிலிருந்து தொழிற்சாலை வாசல் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். நெடுஞ்சாலையிலிருந்து விலகிப் போகும் தூரமும் சேர்த்து, பெண்ணுக்கு அறுபத்து மூன்று புள்ளி நான்கு. மாப்பிள்ளைக்கு அறுபத்தொன்று புள்ளி ஒன்பது. ஒன்றரைக் கிலோமீட்டர் மகளுக்குக் கூடுதலாகப் போனதற்கு அவர் வருத்தம் தெரிவித்தார்.

"பரவாயில்ல மாமா, அந்த ஒன்றரை கிலோமீட்டர நான் தினம் வீட்டச் சுத்தி ஓடிக் கழிச்சுக்கிறேன்," என்றான் கீதன்.

எல்லாரும் சிரித்தார்கள். கதிரேசுவும் சிரித்தார். இருவருக்கும் சமமான தூரம், ஒருவர் மேல் ஒருவருக்குக் குறை வராது என்றார். எதிர்த்துப் பேச அதில் ஒன்றும் இல்லாததால் செனவாங் வீட்டைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை. ஜனகாவுக்கு அப்போது வயது இருபத்தெட்டு. தனக்காக ஒருவர் நூல் பிடித்து அளந்ததில் அவளுக்குப் பெருமையாகவே இருந்தது.

அளந்தது தூரத்தை மட்டும். கிழமையை யாரும் அளக்கவில்லை.

ஜொகூரில் அந்த ஆண்டிலிருந்து பள்ளிகளுக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்று மாறியிருந்தது. கீதனுக்கு நெகிரி செம்பிலான் கணக்கு: சனியும் ஞாயிறும். பொதுவாக மிஞ்சியது சனி ஒன்று. அதிலும் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை தொழிற்சாலையில் கூடுதல் நேர வேலை. இது ஜனகாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். ஒரு நாள் போதாதா, தினமும் ஒரே வீட்டுக்குத்தானே திரும்பி வரப்போகிறோம் என்று அவள் அதைப் பேச்சில் எடுக்கவில்லை.

2015 ஏப்ரலில் குடி போனார்கள். ஓரடுக்கு வரிசை வீடு, மூன்று அறை. ஜனகா விடிகாலை ஐந்து இருபதுக்குக் காரை வெளியே எடுப்பாள். கீதன் ஐந்தே முக்காலுக்கு. டோல் சாவடியைத் தாண்டியதும் அவள் தெற்கே, அவன் வடக்கே. தங்காக்கைத் தாண்டும்போது இடது பக்கம் லேடாங் மலை இருட்டாக நிற்கும். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பள்ளிக்குப் போய்ச் சேர ஆறே முக்கால். சாயங்காலம் அவள் நான்கு மணிக்குத் திரும்பித் தூங்கிவிடுவாள். அவன் ஏழரைக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கிவிடுவான்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை, அவனுக்கு வேலை. தனியாக வீட்டில் என்ன செய்வது என்று காலையிலேயே கிளேபாங்குக்குப் போய்விடுவாள். அரை மணி நேர ஓட்டம். கனகாம்பிகை மீன் குழம்பு வைத்திருப்பாள். கதிரேசு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மகளின் கார் இளநீர்க் கடை வரிசையைத் தாண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை கீதனுக்கு விடுமுறை. அவன் தனியாக வீட்டில் துணி துவைத்து, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு வாங்கிச் சாப்பிட்டு, தொலைக்காட்சி முன்னால் படுத்திருப்பான்.

பக்கத்து வீட்டு மீனம்மா, பல்கலைக்கழக உணவகத்தில் வேலை செய்கிற நடுவயதுக்காரி, ஆறு மாதம் கழித்து ஒருநாள் வேலியோரம் நின்று ஜனகாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, வெள்ளிக்கிழமை நீ துணி காயப் போடுற. ஞாயித்துக்கிழமை அந்தத் தம்பி காயப் போடுது. நான் ரெண்டு குடித்தனம்னு நெனச்சிட்டு இருந்தேன்லா."

ஜனகா இதைக் கீதனிடம் சொல்லிச் சிரித்தாள். சொன்னது அடுத்த சனிக்கிழமைதான்.

2017 ஆகஸ்டு 22, செவ்வாய்க்கிழமை. ஜனகா கர்ப்பமாகி அது ஒன்பதாவது வாரம். பள்ளி முடிந்து திரும்பி வரும்போது தங்காக்குக்கு முன்னால் வயிற்றைப் பிடித்தது. ஓய்விடத்தில் காரை நிறுத்திக் கீதனுக்குப் போன் செய்தாள். அப்போது மணி மூன்று பத்து. அவன் உடனே கிளம்பி, மழையில் சிக்கி, வந்து சேர்ந்தபோது நான்கு ஐம்பத்தைந்து. அதற்குள் யாரோ ஒரு மலாய்க் குடும்பத்தார் அவளைத் தங்கள் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். குழந்தை தங்கவில்லை.

படுக்கையில் கிடந்தபோதுதான் அவளுக்கு ஒன்று விளங்கியது. வீடு நடுவில் இருப்பதால் வீட்டுக்கு வரும் தூரம்தான் பாதி. ஒருவரிடம் ஒருவர் வந்து சேரும் தூரம் குறையவே இல்லை. ஒருவருக்கு ஏதாவது என்றால் மற்றவர் முழுத் தூரமும் ஓடி வரவேண்டும். நூலை மடித்தாலும் நூல் அதே நீளம்தான்.

மாற்றல் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று இருவரும் நம்பினார்கள். கணவருடன் சேர்ந்திருக்க மாற்றல் வேண்டும் என்று ஆண்டுதோறும் அவள் மலாக்கா மாநிலத்துக்கு விண்ணப்பித்தாள். 2015, 2016, 2017, 2018. நான்கு முறையும் இல்லை என்று வந்தது. வரிசையில் இன்னும் முறை வரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

2019-இல் பள்ளிக்குச் சுகுமாரன் என்ற புதுக் குமாஸ்தா வந்தார். காகிதத்தைப் படித்துவிட்டு வேலை செய்கிற ஆள். ஐந்தாவது விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் ஜனகாவை மேசைக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், உங்க புருஷன் வேலை எங்க?"

"செனவாங்."

"அது நெகிரி செம்பிலான். நீங்க இருக்கிறது ஜொகூர். கேக்கிறது மலாக்கா. மலாக்காவுல யார் கூடச் சேந்திருக்கப் போறீங்க? அங்க உங்க புருஷனும் வேலை செய்யல, நீங்களும் செய்யல. வீடு மட்டும்தான் இருக்கு." அவர் பேனாவை மூடினார். "வீடா டீச்சர் உங்களுக்குப் புருஷன்?"

அவர் கேலியாகத்தான் சொன்னார். பிறகு பொறுமையாக விளக்கினார். கணவர் வேலை செய்யும் மாநிலத்தைக் கேட்டால் அந்தக் காரணத்துக்கு மதிப்பு உண்டு. மலாக்காவைக் கேட்டால் அது வெறும் விருப்பம், வரிசையின் கடைசியில் போய் நிற்கும். இருவருக்கும் பொதுவான இடம் என்று பார்த்துப் பார்த்து வாங்கிய வீடு, காகிதத்தில் இருவரில் ஒருவருக்கும் சேராத இடமாக இருந்தது. அந்த வருட விண்ணப்பத்தை அவள் அனுப்பவில்லை. யோசிக்க வேண்டும் என்று எடுத்து வைத்துவிட்டாள்.

யோசிக்க அவகாசம் கிடைத்தது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளி மூடியது, தொழிற்சாலை மூடியது, மாநில எல்லையெல்லாம் மூடியது. மே 4-ஆம் தேதி தொழிற்சாலை திறக்கும் வரை நாற்பத்தேழு நாள் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் தொடர்ந்து அத்தனை நாள் சேர்ந்து இருந்தது அதுதான் முதல் தடவை. கீதனுக்குப் புளிக்குழம்பு பிடிக்காது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐந்து வருடமாகச் சனிக்கிழமைதோறும் வாய் திறக்காமல் சாப்பிட்டிருக்கிறான். அவள் தூக்கத்தில் பேசுவாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. மத்தியானங்களில் தாயம் ஆடினார்கள். அவன் கள்ளாட்டம் ஆடுவதை அவள் கண்டுபிடித்தாள். நாடே பயந்துகொண்டிருந்த நேரத்தில் தான் இப்படிச் சந்தோஷமாக இருப்பதை வெளியே சொல்லவும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கட்டுப்பாடு தளர்ந்ததும் முதல் வெள்ளிக்கிழமை கிளேபாங்குக்குப் போய் அப்பாவிடம் கேட்டாள். ஆயர் குரோ வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, செனவாங்கில் ஒரு வீடு பார்த்துப் போய்விடுகிறோம். நெகிரி செம்பிலானுக்கு மாற்றல் கேட்கிறேன்.

கனகாம்பிகை அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். கதிரேசு சொன்னார், சீதனமாகக் கொடுத்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்க, மகள் வாடகை வீட்டில் இருக்கிறாள் என்று சனம் கேட்டால் தாம் என்ன பதில் சொல்வது என்று. இன்னும் இரண்டு வருடம் மலாக்காவுக்கே கேட்டுப் பார்க்கச் சொன்னார். விருப்பம் என்று கேட்டாலும் ஒருநாள் வரிசை வராமலா போகும் என்றார். ஜனகா வீட்டுக்கு வந்து கீதனிடம் சொன்னாள். சரி, மாமா சொல்றபடி பார்ப்போம் என்றான் அவன். அவன் அப்படித்தான். எதற்கும் சண்டை போடமாட்டான். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னாளில் அவள் நினைத்துக்கொண்டதுண்டு.

2020, 2021, 2022. மூன்று முறை மலாக்காவைக் கேட்டாள். மூன்று முறையும் இல்லை.

2022-இல் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு வந்தது. நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. ஓய்வு எந்தக் கிழமையில் விழும் என்று நிச்சயமில்லை. ஜூன் மாதம் ஒரு விடிகாலை, இரவு வேலை முடிந்து திரும்பும்போது சிம்பாங் அம்பாட்டுக்குப் பக்கத்தில் கீதன் கண்ணயர்ந்து கார் நடுத் தடுப்பில் உரசியது. காயமில்லை. கதவு மட்டும் நசுங்கியது. ஜூலை 4-ஆம் தேதி அவன் செனவாங்கில் ஓர் அறை எடுத்தான். இனி ஓய்வு நாளில் மட்டும் வருவதாக ஏற்பாடு.

அவன் இல்லாத வீட்டுக்கு ஏன் தினமும் நூற்று இருபத்தேழு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வருகிறோம் என்று ஜனகா ஐந்தாறு மாதம் கேட்டுக்கொண்டே ஓட்டினாள். 2023 ஜனவரி 9-ஆம் தேதி அவளும் பாகோவில், இன்னொரு ஆசிரியையின் வீட்டில் ஓர் அறை எடுத்தாள்.

வீடு வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடந்தது. சனிக்கிழமையும் அவனுக்கு ஓய்வு விழுந்தால்தான் சந்திப்பு. மீனம்மா தபால்பெட்டியிலிருந்து காகிதங்களை எடுத்து வைப்பாள். ஒருநாள் ஜனகா வரும்போது அவற்றைக் கொடுத்துவிட்டு, தம்பி புதன்கிழமை வந்து போச்சு, முடி வெட்டியிருக்கு, நல்லா இருக்கு என்றாள். தன் புருஷன் முடி வெட்டியதைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித் தெரிந்துகொண்டது ஜனகாவின் மனதில் பல நாள் கிடந்தது.

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. கிளேபாங் வீட்டில் சாப்பாடு முடிந்து கனகாம்பிகை படுத்துவிட்டாள். கதிரேசுவுக்கு அப்போது எழுபத்தொன்று. மகளைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தபடி பேசினார்.

"பிள்ளை, கீதன் தம்பி எப்ப கடைசியா வந்தவர்?"

"போன மாசம்."

"எத்தினை நாள் நிண்டவர்?"

"ஒரு நாள். தூங்கிட்டே இருந்தார் அப்பா."

கதிரேசு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்டைக்கு அவர் செனவாங் வீடு எண்டு சொன்னவர். நான் வேண்டாம் எண்டது உன்ர தூரத்துக்காக இல்லை. செனவாங் போனா நீ எனக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவாய். ஆயர் குரோ எண்டா அரை மணித்தியாலம். நூல் நடுவில வந்து விழுந்தது எனக்கு நல்ல வசதியாப் போச்சுது." கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்தார். "பத்து வருசம் வெள்ளிக்கிழமை எல்லாம் நீ வந்தனி. நான் சந்தோசமா இருந்தனான். அது பிழை, பிள்ளை. வீட்டை வித்துப்போட்டு அவரிட்டப் போ."

ஜனகா அழவில்லை, கோபப்படவும் இல்லை. கழுவ வேண்டிய தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பத்து வருடத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை அந்த வாசலில் காரை நிறுத்தியிருப்போம் என்று மனம் தானாகவே எண்ணப் பார்த்தது. பாதியில் விட்டுவிட்டாள்.

2025 ஜனவரியிலிருந்து ஜொகூரில் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு என்று ஆனது. அந்த மாதம் 5-ஆம் தேதி, கல்யாணத்துக்குப் பிறகு வேலைக் காலத்தில் வந்த அவர்களுடைய முதல் பொது ஞாயிற்றுக்கிழமை. கீதனுக்கும் ஓய்வு அன்றுதான் விழுந்தது. ஜனகா சீக்கிரம் எழுந்து இட்லி ஊற்றினாள். ஒன்பது மணிக்கு எழுந்து வந்த கீதன் சமையலறையில் அவளைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"நீ இன்னும் போகலியா?"

பழக்கத்தில் கேட்டுவிட்டான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, மறந்துட்டேன் ஜனா என்றான். இருவரும் சாப்பிட்டார்கள். என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. அவள் பள்ளியில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் அறையில் உடன் இருப்பவர்களின் பெயர் அவளுக்குத் தெரியாது. பத்தரைக்கு அவன் காரைக் கழுவ வெளியே போனான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கார்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டை விற்பதைப் பற்றிச் சொன்னாள். அப்பாவே சொல்லிவிட்டார் என்றாள். நெகிரி செம்பிலானுக்கு விண்ணப்பிக்கிறேன், இந்தத் தடவை சரியான காரணம், கிடைத்துவிடும் என்றாள். கீதன் சரி என்றான். ஜூன் மாதம் கணவர் வேலை செய்யும் இடத்திலிருந்து உறுதிக் கடிதம் வேண்டும் என்று அவள் கேட்டபோது, தொழிற்சாலையில் எழுதி வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தான். அந்த மடிப்பைத் தேய்த்துத் தேய்த்து நீவி அவள் சுகுமாரனிடம் கொடுத்தாள். விண்ணப்பம் போனது. செனவாங்கில் வாடகை வீட்டுப் படங்களைக் கைப்பேசியில் பார்க்க ஆரம்பித்தாள். பார்த்ததில் பிடித்ததை அவனுக்கு அனுப்புவாள். அவன் கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்புவான்.

வீட்டை ஆயர் குரோவிலேயே வேலை செய்யும் ஓர் இளம் தம்பதி வாங்கினார்கள். இருவருக்கும் ஒரே அலுவலகம். சாவியைக் கொடுத்த நாள் அக்டோபர் 18, சனிக்கிழமை, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. அக்கம்பக்கத்தில் முறுக்குச் சுடும் வாசனை. சாமான்களை ஏற்றிய லாரி கிளேபாங்குக்குப் போய்விட்டது. காலியான கூடத்தில் இருவரும் நின்றார்கள். பேசினால் எதிரொலித்தது.

"டிசம்பருக்குள்ள பதில் வந்துடும்னு சுகுமாரன் சார் சொன்னாரு," என்றாள் ஜனகா. "அந்த ரெண்டு அறை வீட்டுக்கு இப்பவே டெபாசிட் குடுத்துடலாமா?"

கீதன் தரையில் அலமாரி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே தரைக்கல் மட்டும் புதுசாக இருந்தது.

"குடுக்க வேணாம் ஜனா."

"ஏன், விலை கூடவா?"

"அது இல்ல." அவன் கால் விரலால் அந்தக் கல்லைத் தேய்த்தான். "எனக்குத் தனியா இருந்து பழகிப் போச்சு. நீ வந்தா நான் உன்கிட்ட நல்லபடியாத்தான் நடந்துக்குவேன். ஆனா விருந்தாளிகிட்ட நடந்துக்கிற மாதிரிதான் நடந்துக்குவேன். போன ஜனவரியில பாத்தேன். உனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"அப்ப எதுக்கு அந்தக் கடிதத்த வாங்கிக் குடுத்தீங்க?"

"நீ கேட்ட. பத்து வருஷமா கெடைக்காதது இப்ப கெடைக்கப் போவுதான்னு நெனச்சேன்." பிறகு சொன்னான், "வேற பொண்ணு யாரும் இல்ல. சாமி சத்தியமா இல்ல. இருந்தா உனக்குச் சொல்றதுக்கு லேசா இருந்திருக்கும்."

ஜனகா சுவரில் சாய்ந்தாள். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. ஜனவரியில் அவன் காரைக் கழுவ வெளியே போனபோது, அப்பாடா என்று அவளுக்கும் ஒரு மூச்சு வந்தது உண்மை. ஆனால் அந்த மூச்சை அவள் நம்பவில்லை. நாற்பத்தேழு நாளைத்தான் நம்பினாள். அவனிடம் அதைச் சொன்னாள். நாற்பத்தேழு நாள் இருந்தோமே கீதன், தாயம் ஆடினோமே என்றாள்.

"அப்ப யாருக்கும் போக எடம் இல்ல," என்றான் அவன். கடுமையாகச் சொல்லவில்லை.

விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அனுப்பினது அனுப்பினதாக இருக்கட்டும், ஆனால் எனக்காக வராதே என்றான். அவளைக் கிளேபாங் வரைக்கும் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். வேண்டாம், என் கார் இருக்கிறது என்றாள். டோல் சாவடிக்குப் போகும் விளக்குச் சந்திப்பில் அவன் நெடுஞ்சாலைக்குத் திரும்பினான். அவள் கரையோரச் சாலைக்குத் திரும்பினாள்.

தீபாவளியன்று கதிரேசு மாப்பிள்ளை எங்கே என்று கேட்கவில்லை. கனகாம்பிகை கேட்டாள். ஷிப்டு என்றாள் ஜனகா. அப்பாவிடம் உண்மையை இரண்டு வாரம் கழித்துச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். இஞ்ச வந்து இரு பிள்ளை, அறை சும்மாதானே கிடக்குது என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். எதைச் சொல்ல வந்தார் என்பது அவளுக்கும் விளங்கியது. இருவரும் வேறு பேச்சுக்குப் போனார்கள்.

நவம்பரில் இரண்டு தடவை ஜனகா பள்ளிக் கணினி முன் உட்கார்ந்து விண்ணப்பத்தை ரத்து செய்யும் பக்கம் வரைக்கும் போனாள். முதல் தடவை மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டாள். இரண்டாவது தடவை மணி அடிக்கவில்லை. அவளே மூடிவிட்டாள். ஒரு மாதத்தில் ஒரு மனிதர் மனம் மாறாதா என்ற நினைப்பு அவளை விடவில்லை. வாரம் ஒருமுறை கீதனுக்கு நலமா என்று செய்தி அனுப்பினாள். நலம், நீ எப்படி என்று ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

பிறகு கடிதம் வந்தது. சுகுமாரன் அதை உறையோடு எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கே வந்தார். ஐந்தாறு வருடமாக அந்தப் பெயரை விண்ணப்பங்களில் பார்த்தவர், முகமெல்லாம் சிரிப்பு. ஒரு வழியா உங்க வீட்டுக்காரர்கிட்ட அனுப்புறாங்க டீச்சர், இனி எங்கள எல்லாம் மறந்துடுவீங்க என்றார். மற்ற ஆசிரியர்கள் கைதட்டினார்கள். யாரோ விருந்து எப்போது என்று கேட்டார்கள். ஜனகா உறையைப் பிரித்தாள். செனவாங் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி, புதிய ஆண்டின் முதல் பள்ளி நாளில் பணியில் சேர வேண்டும், காரணம்: கணவருடன் சேர்ந்திருக்க. பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகச் சுகுமாரன் நீட்டிய பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் தேதியும் போட்டாள்: 2025 டிசம்பர் 1, திங்கட்கிழமை.